கை திறக்க ஆகும் நேரம்

அன்றைக்கு அந்த பஸ் நட்ட நடுத்தெருவில் முழுசாக ஒன்றரை நிமிடம் நின்றது. இன்ஜினில் கோளாறு இல்லை, சிக்னலும் விழவில்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி, இறங்க வேண்டிய இடம் வந்தும் கம்பியை விடாமல் நின்றாள், அவ்வளவுதான். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்தித் தெருவையே இரண்டாக்கினார்கள். கண்டக்டர் தன் தலையெழுத்தை நொந்துகொண்டார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற அம்மாக்காரி, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொண்டது.

அம்மாக்காரியை எல்லாரும் இஸ்திரிக்காரி என்பார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். ஆவியில் வெந்து வெந்து முகம் எப்போதும் சிவந்திருக்கும். அதில் கோபமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் காலையில் நல்ல குளிர். பஸ்ஸைப் பிடிக்க இருவரும் தெருமுனையிலிருந்து ஓடி வந்திருந்தார்கள். வேலைக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. போதாக்குறைக்கு பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது.

மகளுக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே உடும்பு. ஸ்கிப்பிங் கயிற்றைத் திருப்பித் தரமாட்டாள், ஊஞ்சல் சங்கிலியை விடமாட்டாள் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிக்கொண்டே இருப்பார். இஸ்திரிக்காரி அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள்: அப்பன் புத்தி. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போடுவாள். இப்போதும் அதே கோபத்தில் மகளின் புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

மகள் அழவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நான் விட்டுட்டேம்மா. கைதான் இன்னும் விடல."

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வார்த்தையை இஸ்திரிக்காரி ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தாள். அதைக் கேட்ட நாளில்தான் அவளுடைய முதல் கல்யாணம் முறிந்துபோனது.

அது நடந்து எட்டு வருடம் இருக்கும். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. முதல் புருஷன் அந்நியன் இல்லை. அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், சின்ன வயதிலிருந்தே பார்த்த முகம். உறைய வைத்த இறைச்சியும் காய்கறியும் அடுக்கிவைக்கும் குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்கினான். நல்லவன்தான். வாய்தான் கிடையாது. நாலு கேள்வி கேட்டால் அரை பதில் வரும். அந்த வாரம் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவன் மூன்று நாளும் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை விசாரிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை வரச்சொல்லிவிட்டு, பையில் துணியை அடைத்தாள். நாலு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம், இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் யாரோ போன் செய்து சொல்லிவிட்டார்கள். அவன் கிடங்கிலிருந்து ஓடிவந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடி. காலையிலிருந்து முந்நூறு பெட்டி இறக்கின கை அது. வாசலில் வந்து நின்றவன், பேச வார்த்தை கிடைக்காமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அந்தக் கை அப்படிச் சில்லிட்டிருந்தது.

விடுங்க என்றாள். விடவில்லை. கத்தினாள். அப்போதும் விடவில்லை. எலும்பே நொறுங்கிவிடும் போல வலித்தது. இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டது. அவன் அவள் முகத்தையே பார்த்தபடி, விட்டுட்டேன், விட்டுட்டேன், கைதான் விடல என்றான். பிடித்த பிடி இம்மியும் தளரவில்லை, இந்த லட்சணத்தில் விட்டுவிட்டானாம். நக்கலுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவளுக்கு வலியைவிட அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணன் அவனை அறைந்தான். ஒன்றல்ல, நாலைந்து. அறை வாங்கிக்கொண்டும் பிடித்துக்கொண்டே நின்றான். ஒருவழியாக அந்தக் கை திறந்தபோது அவள் மணிக்கட்டில் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

நாலு நாள் நாலு மாதமாயிற்று. கோர்ட்டில் வக்கீல் அந்தக் காயத்தின் போட்டோவைக் காட்டிக் கேட்டபோது, ஆமாங்க, பிடிச்சேன், விடச் சொன்னா, விடல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தன் பக்கத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையை வாரம் ஒருநாள் பார்க்கலாமே என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினான். வெளியே வராந்தாவில் பிள்ளை அவனிடம் தாவியது. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனான். பெற்ற பிள்ளையைத் தொட மனசில்லாத கல்நெஞ்சுக்காரன் என்று இஸ்திரிக்காரி அன்றோடு அவனைத் தலைமுழுகினாள். மூன்று வருடம் கழித்து ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். தங்கமான மனுஷன். மகள் அவனைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறாள்.

இதெல்லாம் முடிந்த கதை, மூடிவைத்த கதை. இப்போது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் குட்டி அதைத் திறந்துவிட்டது. அப்பன் புத்தி என்பதைத் தாண்டி அப்பனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியது கிடையாது. அந்தச் சொல்லை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இஸ்திரிக்காரி அன்றைக்கு இரண்டு விரிப்பைக் கருக்கினாள்.

மகளின் கையைக் காட்டியபோது தெரு டாக்டர் சத்து மாத்திரை எழுதித் தந்தார். அதில் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தசைக்கென்று தனி டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா பேனாவைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர், ஆனால் அவசரப்படாதவர். மகளின் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து எடுத்தார். வேகமாக இருபது தடவை மூடித் திறக்கச் சொன்னார். பத்துவரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கை திறக்க நேரம் பிடித்தது. இருபதாவதில் மூடியது மூடியபடி நின்றுவிட்டது. முழங்கைக்குக் கீழே சதையில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அதன் வயரை ஒரு திரையோடு இணைத்திருந்தார்கள். மகள் கையை மூடும்போதெல்லாம் திரையில் கோடு பேயாட்டம் ஆடியது. இப்போது அது மட்டப்பலகை வைத்துக் கோடு போட்ட மாதிரி கிடந்தது.

"இங்க பாருங்கம்மா," என்றார் டாக்டர். "கை மூடியிருக்கு. ஆனா கோடு தட்டையா இருக்கு. மூளை விடுன்னு சொல்லி முடிச்சாச்சு, நரம்பும் ஓஞ்சாச்சு. இந்தக் கையை இப்ப யாரும் பிடிச்சுக்கிட்டு இல்ல."

பிறகு பொறுமையாகச் சொன்னார். சதைக்குள்ளே இருக்கிற ஒவ்வொரு இழையிலும் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. அதில் கால்சியம் அடைத்து வைத்திருக்கும். பிடி என்று மூளை சொன்னதும் பை திறந்து கால்சியம் வெளியே பாயும், சதை இறுகும். நாம் நினைப்பது போல, பிடியை விடுவது சும்மா நடக்கிற காரியம் இல்லை. வெளியே வந்த கால்சியம் அத்தனையையும் மறுபடி பைக்குள்ளே இறைத்துப் போட வேண்டும். அதற்குப் பையின் சுவரில் பொடிப்பொடியாகப் பம்புகள் இருக்கின்றன. அவை இறைத்து முடித்தால்தான் சதை இளகும். இந்தப் பிள்ளைக்குப் பம்பு சோனி. பத்துப் பன்னிரண்டு தடவைவரை எப்படியோ சமாளிக்கிறது. அதற்குமேல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறது. குளிரில் இன்னும் மோசம்.

இஸ்திரிக்காரி முதலில் இதயத்தைப் பற்றிக் கேட்டாள். அதற்கு வேறு பம்பு, அது நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். ஆயுசுக்கு ஒன்றும் ஆகாது. பார்த்து நடந்துகொள்ள வேண்டும், எப்போதாவது ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் அவள் எழுந்திருக்கவில்லை.

"வேணும்னே ஒருத்தர் பிடிச்சா... விட மனசில்லாம பிடிச்சா, கோடு எப்படிம்மா இருக்கும்?"

"ஆடிக்கிட்டே இருக்கும்," என்றார் டாக்டர். "தட்டையா இருக்காது."

இரத்தச் சோதனை முடிவு வர இரண்டு மாதமாயிற்று. இந்தக் கோளாறு வர, பிள்ளைக்குப் பழுதான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றும் வந்திருக்க வேண்டுமாம். சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றாள். உங்களிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் உங்களை அது ஒன்றும் செய்யாது என்றார். பிள்ளையின் அப்பாவுக்கு இந்த மாதிரி கை பிடித்துக்கொள்வது உண்டா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்படியென்றால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவரும் வந்து காட்டட்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து டிரைவரிடம் சொன்னாள். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எட்டு வருடத்துக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லி, இப்போது போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறின புண்ணைக் கீறின மாதிரி ஆகாதா என்று கேட்டாள். அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"ஆறிடுச்சுன்னு உனக்கு யார் சொன்னா?" என்றான். "போய்ச் சொல்லிடு. ஒரு மனுஷன் தன்னைத்தானே தப்பா நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அது நமக்குத்தான் பாவம்."

அடுத்த வாரம் டிரைவருக்கு லீவு. மூன்று பேருமாகப் போனார்கள். கிடங்குக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிழற்குடையில் டிரைவர் உட்கார்ந்துகொண்டான். நான் எதற்கு, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டான்.

காவலாளியிடம் விசாரித்தபோது, அவர் உள்ளே பார்த்து, டேய் பாக்கெட், உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு என்று குரல் கொடுத்தார். ஜாக்கெட்டுக்குள் இருந்து கையையே எடுக்காத ஆசாமி, அதனால் அந்தப் பெயர் என்று அவராகவே சொல்லிச் சிரித்தார். பெட்டி தூக்குவதை எப்போதோ விட்டுவிட்டானாம். வருகிற லாரி நம்பரை எழுதுவதோடு சரி. யாரோடும் கைகூடக் குலுக்கமாட்டானாம்.

அவன் வந்தான். முப்பத்தாறு வயசுக்கு ஐம்பது சொல்லலாம். அவளைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. கையைப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு, நாலடி தள்ளியே நின்றான். இஸ்திரிக்காரி வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். அத்தனையும் குழம்பிப்போய், பம்பு, பை, தட்டைக் கோடு என்று முன்னுக்குப்பின் முரணாகக் கொட்டினாள். டாக்டர் தந்த தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. காம்பவுண்டுச் சுவரோரமாக நின்று லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான்.

"அவளுக்கு வலிக்குதா?"

அதிகம் வலிக்காது, விறைத்துக்கொள்ளும், ஓடினால் கால் கட்டையாகிவிடும் என்றாள். எனக்குத் தெரியும் என்றான் அவன். வெதுவெதுப்பான தண்ணியில கையை வைக்கச் சொல்லு, ரொம்பச் சூடு வேண்டாம், மாடி ஏறினா நடுவுல ஒருதரம் உக்காந்துட்டுப் போகச் சொல்லு என்று சொல்லிக்கொண்டே போனான். சின்ன வயதிலிருந்தே தனக்கு இப்படித்தானாம். உலகத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தானாம். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சீக்கிரம் திறந்துவிடுகிறார்கள், தனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று இருந்துவிட்டானாம். கல்யாணமான நாளிலிருந்து பிரிந்த நாள்வரை அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அவன் தரையைப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கு நீங்க விட்டுட்டீங்க," என்றாள் இஸ்திரிக்காரி. "எனக்குத்தான் தெரியல."

அவன் உதடு கோணிக்கொண்டது. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. இப்போதும் முகத்தைத் துடைக்கக் கையை வெளியே எடுக்காமல் தோளிலேயே தேய்த்துக்கொண்டான்.

"எனக்குள்ள ஏதோ மிருகம் இருக்குன்னு நினைச்சேன். விடு விடுன்னு நான் சொல்றேன், அது கேக்கல. நாளைக்குப் பிள்ளையையும் அப்படிப் பிடிச்சிட்டா? அது எவ்வளவு சின்னக் கை. அதான் வேணாம்னுட்டேன்." பிறகு, "ஆனா பிடிச்சது நான்தானே," என்றான்.

"ஆமா. பிடிச்சது நீங்கதான். அதுக்கு நான் நாலு நாள் கோவிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். எட்டு வருஷம் அதுக்கில்ல."

அதற்குள் மகள் வந்து சேர்ந்தாள். உங்களுக்கும் என்னை மாதிரியே கையாமே, காட்டுங்க என்று நேராக விஷயத்துக்கு வந்தாள். அவன் தயங்கினான். அம்மா தலையசைத்தாள். எட்டு வருடமாக யாரிடமும் நீட்டாத கை வெளியே வந்தது. இருபது தடவை மூடித் திறக்க வேண்டும், கடைசியில் யார் முதலில் திறக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம் என்று மகள் சட்டம் போட்டாள். கிடங்கின் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து குளிர் வந்து காலைத் தொட்டது. இருவரும் மூடினார்கள், திறந்தார்கள். மகள் கை முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் திறந்தது. அவனுக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைவிட மோசமான கை ஒன்றை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். அவன் இஸ்திரிக்காரியைப் பார்த்தான். பிறகு சிரிக்க முயன்றபடி, பாக்கெட்னே கூப்பிடும்மா, இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க என்றான்.

கிளம்பும்போது மகள் பெரிய மனுஷி மாதிரி கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். மெல்ல, கண்ணாடிச் சாமானை எடுக்கிற மாதிரி பிடித்தான். பிடித்ததும் இரண்டு கையும் மாட்டிக்கொண்டன. மகள் உற்சாகமாக எண்ண ஆரம்பித்தாள். நாற்பதில் அவள் விரல்கள் இளகிவிட்டன. அவனுடையது இளகவில்லை. ஐம்பது ஆயிற்று, அறுபது ஆயிற்று. அவன் முகம் வெளிறியது. இஸ்திரிக்காரியின் பக்கம் திரும்பினான். அந்தப் பழைய முகம், நாலாவது மாடி வாசலில் அறை வாங்கிக்கொண்டிருந்த அதே முகம்.

"விட்டுட்டேன்," என்றான். "விட்டுட்டேன், கைதான்..."

"தெரியும்," என்றாள் அவள். "அவசரமில்ல. மெதுவா விடுங்க."

சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் காய்த்துப்போன தன் கையை அவன் கைமேல் வைத்தாள். சில்லிட்டிருந்தது, அன்றைக்குப் போலவே. அது திறக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே இருக்கட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. எழுபத்தொன்றில் திறந்துவிட்டது.

தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்பா கூப்பிடறார், அப்பா கூப்பிடறார் என்று மகள் ஓடினாள். பாக்கெட் அந்தச் சொல் போன திசையைப் பார்த்தான். போ, பஸ்ஸை விட்டுடாத என்று இஸ்திரிக்காரியிடம் சொன்னான். பஸ் புறப்பட்டபோது அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கேட்டருகிலேயே நின்றான். இரண்டு கையும் பாக்கெட்டுக்கு வெளியே, என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

முன்சீட்டில் மகள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் அப்பாவிடம் முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, எழுபத்தொன்று என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் ஜன்னலோரம் இஸ்திரிக்காரி சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்கு வலித்தது, கத்தினாள். அதில் தப்புச் சொல்ல யாராலும் முடியாது. அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பியிருக்கலாம். விட்டுட்டேன் என்று அவன் தன் வாயைத் திறந்து சொன்ன ஒரே பேச்சு.

இறங்க வேண்டிய இடம் வந்தது. வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். இறங்கலாமா என்று டிரைவர் கேட்டான். ஒரு நிமிஷம் என்றாள். அவன் கண்டக்டரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து நின்று காத்திருந்தான்.